300 காயின் போக்கர் செட்: வாங்குங்கள், ஆனால் எண் அச்சிட்டதாகப் பார்த்து

சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் ஆறு பேர் போக்கர் ஆடுவோம், பணம் கிடையாது, இத்தனை நாள் புளியங்கொட்டைதான். போன மாதம் 11.5 கிராம் காயின் செட் ஒன்று வாங்கினேன். ஆளுக்கு 50 சரியாக வருகிறது. உள்ளே உலோகத் தகடு இருப்பதால் கையில் நல்ல கனம், இருபது இருபதாக அடுக்கினாலும் சரிவதில்லை, எதிரில் இருப்பவரிடம் எவ்வளவு மிச்சம் என்று கேட்காமலே தெரிகிறது. பெரிய மதிப்புக் காயினை முன்னால் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பெரிய குறை, காயினில் எண் இல்லை. போன வாரம் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயம்) 10, ஒருவர் பந்தயத்தை 30க்கு ஏற்றினார், அடுத்தவர் வாய் திறக்காமல் ஒரு கறுப்புக் காயினை வைத்தார். அதை 50 என்று நினைத்தாராம், நாங்கள் பேசி வைத்ததோ 100. சொல்லாமல் ஒரே பெரிய காயினை வைத்தால் அது வெறும் 'கால்' (call) தான், அதாவது எதிராளியின் 30க்குச் சமமாக வைத்ததாகவே கணக்கு, மீதி 70 அவருக்கே திரும்பும். ஏற்றுவதென்றால் காயின் மேஜையைத் தொடும் முன்பே சொல்லிவிட வேண்டும், அதுவும் முன்னவர் ஏற்றியது 20 என்பதால் இன்னொரு 20 சேர்த்து குறைந்தது 50க்கு. இதைப் புரியவைக்கவே கால் மணி நேரம் ஆனது. அப்புறம் மதிப்புகளை அட்டையில் எழுதி மேஜை நடுவில் வைத்தேன்.

கூட வரும் சீட்டுக்கட்டு காகிதம், மூன்றே வாரத்தில் ஸ்பேட் ஏஸ் மூலை மடங்கிவிட்டது, பின்பக்கம் பார்த்தே சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் கட்டு தனியாக வாங்கிவிடுங்கள்.