கவரா, நோட்டா, ஃபோனா? தேயிலைக் காசில் ஒரு விசுவாச வீட்டின் கணக்கு

எங்கள் பீரோவில் இன்னும் ஒரு பழுப்புக் கவர் இருக்கிறது. அப்பா அரவங்காடு தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்துச் சம்பளக் கவர். அதன் மேல் அம்மா நீல மையில் ‘கர்த்தருக்கு’ என்று எழுதியிருப்பார். உள்ளே பணம் இல்லை, ஒரு துண்டுச் சீட்டுதான்: ‘டிசம்பர். 40 ரூபாய் எடுத்தேன், கம்பளிக்கு. திருப்பி வைக்கணும்.’ சீட்டு இன்னும் அங்கேயே கிடப்பதைப் பார்த்தால் வைக்கவில்லை போலத் தெரிகிறது. சரி, அது அம்மாவுக்கும் ஆண்டவருக்கும் உள்ள கணக்கு.

பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி, ‘அக்கா, வீட்டுக் கணக்கை எப்படி எழுதறீங்க, தசமபாகம் எப்ப எடுக்கறீங்க’ என்பதுதான். தசமபாகம் என்றால் வரவில் பத்தில் ஒரு பங்கைக் கர்த்தருக்கு எடுத்து வைப்பது. பிரசங்கத்திலும் யூடியூபிலும் இதற்குப் பதில் நிறையக் கிடைக்கிறது. ஆனால் எல்லாமே ஒன்றாம் தேதி சம்பளம் வருகிற வீட்டை நினைத்துச் சொல்வது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எத்தனை வீட்டில் ஒன்றாம் தேதி என்று ஒன்று இருக்கிறது?

எங்கள் வீட்டையே சொல்கிறேன். ஒன்றரை ஏக்கர் தேயிலை, வீட்டுக்காரர் ஓட்டுகிற ஒரு டாக்ஸி. மே மாதம் சீசன், இலையும் நன்றாக வரும், வண்டியும் நிற்காது. அந்த மாதம் கைக்கு 42,000 வரை வந்ததுண்டு. ஜனவரியில் பனி விழுந்து கொழுந்து கருகிவிடும், சுற்றுலாக்காரர்களும் குறைவு, 14,000 தேறினால் பெரிது. வீட்டுச் செலவோ எந்த மாதமும் 17,000க்குக் கீழே இறங்காது. இந்த மேடு பள்ளத்தில் மூன்று முறைகளையும் நான் வாழ்ந்து பார்த்திருக்கிறேன்: அம்மாவின் கவர், மாமாவின் நோட்டு, தம்பியின் ஃபோன்.

அம்மாவின் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சம்பளம் வந்த அன்றே பிரித்து, அரிசி, பால், பள்ளிக்கூடம், வைத்தியம் என்று கவர் கவராகப் போடுவது. முதல் கவர் கர்த்தருக்கு. ‘உன் பொருளாலும், உன் எல்லா விளைவின் முதற்பலனாலும் கர்த்தரைக் கனம்பண்ணு’ என்கிற நீதிமொழிகள் 3:9ஐ அம்மா அப்படியே எடுத்துக்கொண்டார். முதல் என்றால் முதல்தான், மிச்சம் அல்ல. இந்த முறையின் பலம், கவர் காலியானால் கை தானாக நின்றுவிடும். கண்ணுக்கு முன்னால் காசு குறைவதைப் பார்க்கிற பயம் எந்த ஆப்பிலும் வராது.

ஆனால் அது அப்பாவின் சம்பளத்துக்குத் தைத்த சட்டை. நான் கல்யாணமாகி வந்து அதே கவர்களை இலைக் காசில் நிரப்பப் பார்த்தேன். மே மாதம் எல்லாக் கவரும் பிதுங்கியது, ‘வந்ததுதானே’ என்று தாராளமாகச் செலவானது. ஜனவரியில் ஆறு கவரில் மூன்றுதான் நிரம்பியது. வைத்தியக் கவரிலிருந்து அரிசிக்கு, பள்ளிக்கூடக் கவரிலிருந்து கேஸுக்கு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்று. கடைசியில் கை எந்தக் கவருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் துண்டுச் சீட்டு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாமாவின் முறை நோட்டு. இலை ஏஜென்ட் எடை போட்டுக் கொடுக்கிற சீட்டைக்கூட ஊசியால் குத்தி, நோட்டின் அட்டையிலேயே சேர்த்து வைப்பார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. அவருக்குப் பிடித்த வசனம் லூக்கா 14:28, கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது. ‘உட்கார்ந்து’ என்ற சொல்லைத்தான் அழுத்திச் சொல்வார். நின்றுகொண்டே போடுகிற கணக்கு கணக்கே இல்லையாம்.

நோட்டு செய்த பெரிய உதவி, காசு எங்கே ஒழுகுகிறது என்று காட்டியது. ஒரு மாதம் கூட்டிப் பார்த்தபோது வர்க்கி பிஸ்கட்டும் டீயும் மட்டும் 640 ரூபாய். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதெல்லாம் ஒரு பொட்டலம், யாரும் அதைச் செலவென்றே நினைக்கவில்லை. ஆனால் நோட்டு நடந்து முடிந்ததைச் சொல்லுமே தவிர எதையும் தடுக்காது. வர்க்கி தின்ற பிறகுதான் அது பேசுகிறது. இன்னொன்று, மாமா காணிக்கையைச் செலவுப் பக்கத்தில், மண்ணெண்ணெய்க்கும் உப்புக்கும் நடுவில் எழுதிவிடுவார். அத்தைக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

ஃபோன் முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தம்பி கோயம்புத்தூரில் மாதச் சம்பளக்காரன். ஒன்றாம் தேதி காணிக்கையும் சேமிப்பும் தானாகவே பிடித்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறான். அவனுக்கு அது சரி. எங்களுக்குத் தானாகப் பிடிக்கிற எதுவும் ஆபத்து. ஜனவரியில் கணக்கில் காசு இல்லாமல் தவணை திரும்பினால் பேங்க்காரர்கள் அதற்கு வேறு அபராதம் போடுவார்கள். சர்ச்சில் காணிக்கைக்குக் கியூஆர் அட்டை வந்ததிலிருந்து எனக்குள்ள குறை வேறு. காணிக்கைப் பை வரும்போது பிள்ளைகள் கையில் பத்து ரூபாயைக் கொடுத்துப் போடச் சொல்வோம். அம்மா ஃபோனைத் தடவினால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

இனி சண்டைக்குரிய இடம்: பத்தில் ஒன்று, எதில் பத்தில் ஒன்று?

எங்கள் லைனில் மூன்று வீடு, மூன்று பதில். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற தோழி மொத்த வரவில் எடுத்துவிடுவாள், பி.எஃப். பிடித்தத்துக்கும் முன்னால். மல்கியா 3:10தான் அவளுக்கு அஸ்திவாரம், ‘தசமபாகங்களையெல்லாம்’ என்பதில் விதிவிலக்கு எங்கே என்று கேட்பாள். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்காவுக்கு இந்தக் கேள்வியே அந்நியம். திருச்சபையின் தேவைகளுக்கு அவரவரால் முடிந்ததைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஒழுங்கு, சதவீதம் கிடையாது. ஆனால் தவக்காலத்தில் மீனும் கறியும் விட்டு மிச்சம் பிடித்ததை உண்டியலில் போட்டு ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். அந்த நாற்பது நாளில் அவர் போடுகிற கணக்கு எங்கள் எல்லாரையும் விடச் சுத்தம்.

நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. மாதச் சந்தா, ஸ்தோத்திரக் காணிக்கை, பிறந்தநாள் காணிக்கை, அறுப்பின் பண்டிகை என்று வருடம் முழுக்கச் சில்லறையாகப் போகும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு முட்டைக்கோஸை 500 ரூபாய்க்கு எடுத்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறவர்கள் நாங்கள்தான். இதையெல்லாம் கூட்டினால் பத்தில் ஒன்று வருமா என்று நோட்டில் பார்த்தேன். வரவில்லை. பக்கத்திலேகூட வரவில்லை.

இலைக் காசில் தசமபாகம் என்றால் உரம், மருந்து, பறிக்கூலி கழித்தா, கழிக்காமலா? கழித்துத்தான் என்பது என் முடிவு. காரணம் லாபக் கணக்கு அல்ல. பறிக்கிற அக்காவின் கூலி என் வருமானமே இல்லை. கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. என்னிடத்தில் ஒரு இரவுகூட இருக்கக் கூடாத பணத்தில் நான் எப்படிக் காணிக்கை எடுத்து என் பேரில் கொடுப்பது? வீட்டுக்காரர் இதை ஒத்துக்கொள்வதில்லை. ‘விளைவுன்னுதான் எழுதியிருக்கு, லாபம்னு எழுதலை’ என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று. மருந்துக் கடையில் அத்தையின் சர்க்கரை மாத்திரை பாக்கி நிற்கும்போது, தசமபாகம் முழுசாகப் போயாக வேண்டும் என்று நின்றால் அது பக்தி இல்லை. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’ (தேவனுக்குக் கொடுத்த காணிக்கை) என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சொந்த வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8. ‘முதல்ல பத்து, மாத்திரை தானா வரும்’ என்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. கூட்டுப் பெருங்காயம் போல அளவாகத்தான் பழகுகிறேன்.

எங்களுக்கு வழி கிடைத்தது மல்கியாவில் அல்ல, ஆதியாகமத்தில். 41ஆம் அதிகாரத்தில் யோசேப்பு, பரிபூரண விளைவுள்ள ஏழு வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிச் சேர்க்கச் சொல்கிறார். தேயிலைக்காரிக்கு இதை விளக்கத் தேவையில்லை. செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் அந்தத் துண்டில் மூன்று நான்கு மாதம் ஒரு கிலோ இலை கிடைக்காது. அது வரும் என்று தெரிந்துதானே வெட்டுகிறோம்? பஞ்சம் நாள் சொல்லிவிட்டு வருகிறது, நாம்தான் மே மாதத்தில் அதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே இப்போது கவரில் தொகை எழுதுவதில்லை, பங்கு எழுதுகிறேன். காசு வந்த அன்றே பத்தில் ஒன்று கர்த்தருக்கு. மாத வரவு 20,000ஐத் தாண்டினால் ஐந்தில் ஒன்று பள்ள மாதத்துக்கான ‘யோசேப்பு’ சேமிப்புக்கு. 42,000 வந்த மே மாதத்தில் 4,200 காணிக்கை, 8,400 யோசேப்பு. மீதி 29,400இல் 17,000 வீட்டுக்கு, மற்றது ஜூன் மாதப் பள்ளிக்கூடத்துக்கு. ஜனவரியின் 14,000இல் 1,400 காணிக்கை போக 12,600. குறைகிற 4,400ஐ யோசேப்பு கொடுப்பார். காணிக்கை சுருங்குகிறது, நிற்பதில்லை. துண்டுச் சீட்டு எழுத வேண்டிய அவசியமும் வரவில்லை. கவரின் பங்கு, நோட்டின் கணக்கு இரண்டையும் கலந்த முறை இது. ஃபோன், இலைக் காசு கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்க்க மட்டும்.

யோசேப்பை எங்கே வைப்பது என்பதில்தான் நிறையத் தடுமாறினேன். டப்பாவில் வைத்தால் வர்க்கியாகிவிடும். ஏலச்சீட்டு எங்கள் ஊரில் எல்லாருக்கும் பழக்கம். ஆனால் பதிவு செய்த கம்பெனியிலேயே சட்டப்படி சீட்டுத் தொகையில் 7 சதவீதம்வரை நடத்துகிறவர் எடுத்துக்கொள்ளலாம், ஒரு லட்சம் சீட்டுக்கு 7,000. அதைவிட எனக்கு உறுத்துவது, அவசரக்காரர் ஏலத்தில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்துச் சீட்டை எடுக்கிறாரோ அவ்வளவு மற்றவர்களுக்கு லாபம். யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வந்தால்தான் என் கழிவு கூடும் என்பது என்ன கணக்கு? சங்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் வட்டியில்லாமல் குலுக்கல் போடுகிறோம், மாதம் 500. ‘சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்’ என்கிற நீதிமொழிகள் 16:33ஐச் சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் குலுக்குவோம். நம்பிக்கையைத் தவிர அதற்கு ஜாமீன் எதுவும் கிடையாது, அதனால் சிறு தொகைதான்.

மாதா மாதம் கட்டுகிற தபால் ஆபீஸ் சேமிப்பான ஆர்.டி.யை முதலில் நான் ஒதுக்கிவிட்டேன். ஐந்து வருடம், மாதம் தவறாமல் கட்ட வேண்டும். தவறினால் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், நான்கு தவணை விட்டால் கணக்கே நின்றுவிடும். தேயிலைக்காரிக்கு ஆகாது என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, தவணையை முன்கூட்டியே கட்டலாம் என்று. ஆறு தவணையை ஒன்றாகக் கட்டினால் நூறு ரூபாய்க் கணக்குக்குப் பத்து ரூபாய் தள்ளுபடி, பன்னிரண்டு கட்டினால் நாற்பது. ஆயிரம் ரூபாய் ஆர்.டி.க்கு மே மாதத்தில் 5,900 கட்டினால் அக்டோபர்வரை கவலை இல்லை. வட்டியை 2023 அக்டோபரில் 6.7 சதவீதம் ஆக்கினார்கள். ஒரு வருடம் கட்டியிருந்தால், சேர்ந்ததில் பாதிவரை அதிலிருந்தே கடனும் எடுக்கலாம். என் பார்வையில் சீட்டு தோற்பது இங்கேதான். ஆனால் ஜனவரிப் பள்ளத்துக்கான காசை ஆர்.டி.யில் போட்டு முடக்கக் கூடாது. அது சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும், வட்டி குறைந்தாலும்.

இதெல்லாம் கற்றுக்கொள்ள ஒரு நவம்பர் ஆனது. மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டது, வண்டி நின்றது, அதே வாரம் அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். 50,000 ரூபாய் கடன், இரண்டு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய். மாதம் ஆயிரம் ரூபாய் வட்டி மட்டும், பத்து மாதம் கட்டி முடித்தபோது அசல் அப்படியே 50,000. வேதத்தில் நெகேமியா 5ஆம் அதிகாரத்தில், ‘நூற்றுக்கொன்று வீதமாக’ வட்டி வாங்கியவர்களை நெகேமியா கடிந்துகொண்டு விடச் சொல்கிறார். அதை மாதத்துக்கு ஒரு வட்டி என்று விளக்குகிறவர்கள் உண்டு. அப்படியானால் நாங்கள் கட்டியது அதைப் போல இரண்டு மடங்கு. பிறகு என் வளையலை அடகு வைத்து ஒரு வட்டிக்கும் கீழே நகைக்கடன் வாங்கி அதை அடைத்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ‘வளையலில்லாம சர்ச்சுக்கு எப்படிப் போறது’ என்று பத்து மாதம் பார்த்ததற்குப் பத்தாயிரம் ரூபாய்.

இந்த மே மாதம் இலைக் காசு வந்த அன்று நோட்டை விரித்தேன். பறிக்கூலியைக் கழித்து எழுதுவதைப் பார்த்து வீட்டுக்காரர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். அரை மணி நேரம் லேவியராகமத்துக்கும் மல்கியாவுக்கும் நடுவில் போனது. டாக்ஸி வரவுக்கு அவர் கணக்கு, இலை வரவுக்கு என் கணக்கு என்று இப்போதைக்கு ஓடுகிறது. டீசல் கழிக்காமல் எடுப்பதால் அவர் கவர்தான் கனமாக இருக்கிறது, அதை வாரம் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டிவிடுகிறார்.