வால்பாறை ஹோம்ஸ்டேயும் அவங்க கூட்டிட்டுப் போன காலை நடையும் – எங்க அனுபவம்

பிப்ரவரி கடைசில குடும்பத்தோட மூணு நாள் வால்பாறை போய்ட்டு வந்தோம். தங்குன எடத்தோட பேர இங்க போடல, ஏன்னா கீழ ஒரு கொறையும் எழுதிருக்கேன், அத அவங்ககிட்ட நேர்லயே சொல்லிட்டேன். ரூம் சுத்தமா இருந்துச்சு, வெந்நீர் காலைல மட்டும்தான், சமையல் பண்ற அக்கா கைல வெச்ச பருப்புக் கொழம்பும் கீரையும் இன்னும் நாக்குலயே நிக்குது. ஆனா நான் இத எழுதறதே அவங்க ஏற்பாடு பண்ண காலை நடைக்காகத்தான். ஆளுக்கு 600 ரூபா, காலைல ஆறரைலேர்ந்து பத்து மணி வரைக்கும், குடுத்த காசுக்கு மேலயே கெடச்சுது.

முதல்ல வேற ஒரு எடத்துலதான் புக் பண்ணிருந்தோம். ஃபோன் பண்ணி விசாரிச்சா "நைட்டு ஜீப்ல போலாம் சார், ஸ்பாட்லைட் அடிச்சு காட்டெருமை காட்றோம், லக் இருந்தா சிறுத்தையும் மாட்டும்"னாங்க, அப்பவே கேன்சல் பண்ணிட்டேன். தயவுசெஞ்சு இந்த மாதிரி கேக்காதீங்க, யாராவது குடுத்தாலும் வாங்காதீங்க.

எங்கள கூட்டிட்டுப் போன அண்ணன் எஸ்டேட்லயே பொறந்து வளந்தவர், அப்பா அம்மா ரெண்டு பேரும் தேயிலை பறிச்சவங்க. கெளம்புறதுக்கு முன்னாடியே மூணு கண்டிஷன் போட்டாரு, சத்தம் கூடாது, எதுக்கும் தீனி போடக்கூடாது, நான் நிக்கற எடத்த தாண்டி ஒரு அடி போகக்கூடாது. என் பையனுக்கு அதுவே பிடிச்சுப்போச்சு.

மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் சேந்து உலகத்துல இருக்கற 36 பல்லுயிர் ஹாட்ஸ்பாட்ல ஒண்ணுன்னு ஸ்கூல் புக்லயே வருது, ஆனா அந்தப் பேரு எப்படி கெடைக்குதுன்னு நெறைய பேருக்குத் தெரியறதில்ல. வேற எங்கயும் இல்லாத செடிவகை கொறஞ்சது 1500 இருக்கணும், அதோட அங்க ஆதியில இருந்த காட்டுல 70 சதவீதமாவது அழிஞ்சும் போயிருக்கணும். அந்த ரெண்டாவது பாதி வால்பாறைல நின்னு பாத்தா அப்படியே கண்ணுக்குத் தெரியுது. சுத்தி ஆனைமலை புலிகள் காப்பகம், அந்தப்பக்கம் பரம்பிக்குளம், நடுவுல சுமார் 220 சதுர கிலோமீட்டருக்கு தேயிலையும் காபியும், அதுக்கு நடுநடுவுல துண்டு துண்டா மிச்சம் இருக்கற மழைக்காடு.

அப்படி ஒரு துண்டுதான் புதுத்தோட்டம். ஒரு சதுர கிலோமீட்டர் கூட முழுசா வராது, ஆனா நூத்துக்கு மேல சிங்கவால் குரங்கு அங்க இருக்கு. இந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல எங்கயும் கெடையாது, மரத்துக்கு மரம் தாவியே வாழற ஜாதி, ரோடு போட்டு மரக்கெளைய பிரிச்சுட்டதால கீழ எறங்கித்தான் ரோட்ட தாண்ட வேண்டியிருக்கு, அதுல வண்டில அடிபட்டு சாகுது. அதுக்காக ரோட்டுக்கு மேல தீயணைப்பு ஹோஸ் பைப்ப பின்னி பாலம் கட்டிருக்காங்க. நாங்க நின்னப்ப ஒரு தாய்க் குரங்கு வயித்த கட்டிப்பிடிச்ச குட்டியோட வந்துச்சு, ஒரு கையால பைப்ப அழுத்திப் பாத்துச்சு, ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துச்சு, அப்புறம் மடமடன்னு தாண்டிடுச்சு, குட்டி தலைய தொங்கப்போட்டு கீழ போற பஸ்ஸ பாத்துக்கிட்டே போச்சு. அதே நேரத்துல ஒரு கார் நின்னு கண்ணாடிய எறக்கி சிப்ஸ் பாக்கெட்ட நீட்டுனாங்க. அங்க காவலுக்கு நிக்கறவர் ஓடிவந்து கும்புட்டு கேட்டுக்கிட்டாரு, "அம்மா, ஒருதடவ குடுத்தா நாளைக்கும் ரோட்டுலயே வந்து நிக்கும்மா"ன்னு. எனக்கு தொண்டையே அடைச்சுடுச்சு.

அப்புறம் நாத்துப்பண்ணை. ரோட்டோரமா விழுந்து வீணாப்போற காட்டு மர விதையையும், புனுகுப்பூனை எச்சத்துல கெடக்கற விதையையும் பொறுக்கிட்டு வந்து பையில மொளைக்க வெச்சு, அழிஞ்ச துண்டுகள்ல நடறாங்க. 2000-க்கு அப்புறம் இங்க இந்த வேலை தொடர்ந்து நடக்குது. நட்டா மட்டும் போதாது, உண்ணிச்செடிங்கற களை வந்து மூடிடும், வருஷக்கணக்கா வெட்டி வெட்டி விடணும்னாரு. தேயிலைக்கு நெழலுக்கு நிக்கற சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம், இருவாச்சிப் பறவை திங்கற மாதிரி ஒரு பழமும் அதுல காய்க்காது. அந்த எடத்துல நம்ம காட்டு மரத்த வெக்கச் சொல்லி எஸ்டேட்காரங்கள ஒத்துக்க வெக்கறதுதான் பெரிய வேலையாம்.

இருவாச்சியோட கூடு இருக்கற மரத்த ரொம்ப தூரத்துலேர்ந்துதான் காட்டுனாரு. பொட்டை மரப்பொந்துக்குள்ள போய் வாசல அடைச்சுக்கும், ஒரு கீறல் மட்டும் விட்டுட்டு, மாசக்கணக்குல ஆண்தான் பழம் கொண்டாந்து ஊட்டணும். ஆள் நடமாட்டம் பாத்து அது மெரண்டா உள்ள தாயும் குஞ்சும் பட்டினி. மத்தவங்க கிட்டப்போய் ஃபோட்டோ எடுத்தோம்னு சொன்னா அத நம்பி நீங்களும் கேக்காதீங்க. பெரிய ரெக்கை அடிக்கற சத்தம் ரயில் வர்ற மாதிரி தலைக்கு மேல போச்சு, எங்களுக்கு அது போதும்.

இப்ப கொறை. ஹோம்ஸ்டே பின்பக்கம் சமையல் கழிவ தெறந்த குழில கொட்டிருந்தாங்க, பிளாஸ்டிக் கவரோட. ராத்திரி காட்டுப்பன்னி கெளறிட்டு இருந்துச்சு. பன்னி வர்ற எடத்துக்கு சிறுத்தையும் வரும், பக்கத்துலயே எஸ்டேட் தொழிலாளிங்க இருக்கற லயன் வீடுகள்ல சின்னப்பிள்ளைங்க இருக்காங்க. ஓனர்கிட்ட சொன்னேன், மொகம் சுளிக்காம கேட்டுக்கிட்டாரு, மறுநாள் குழிக்கு தகரம் போட்டு மூடிருந்தாங்க, கவர தனியா எடுக்கச் சொல்லிருக்காரு. தொடர்ந்து செய்யணும், அதுக்காகவே ஒரு ஸ்டார் கொறைக்கறேன். அஞ்சுக்கு நாலு.

ரெண்டாவது நாள் சாயந்திரம் சமையல் அக்கா வேலை முடிஞ்சும் வீட்டுக்குப் போகல. மேட்டுல ஒரு கம்பத்துல செவப்பு லைட்டு மின்னிக்கிட்டு இருந்துச்சு, பக்கத்துல ஆனை நிக்குதுன்னு அர்த்தம். அவங்க ஃபோன்லயும் ஆனை எஸ்டேட்ல எந்த டிவிஷன் பக்கம்னு மெசேஜ் வந்திருந்துச்சு. "அதுக வழில நாமதான வீடு கட்டிருக்கோம், கொஞ்சம் நின்னுட்டுப் போனா என்ன கண்ணு"ன்னு சொல்லி எங்களுக்கு இன்னொரு டீ போட்டாங்க. எட்டு மணிக்கு மேல அவங்க வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போனாரு.

போறவங்களுக்கு: மழைக்காலத்துல அட்டை நெறைய, லீச் சாக்ஸ் எடுத்துக்கோங்க. பைனாகுலர் அண்ணன்கிட்ட ஒண்ணுதான் இருக்கு, முடிஞ்சா நீங்களே கொண்டு போங்க. ஆழியார்லேர்ந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஒன்பதாவது வளைவுகிட்ட வரையாடு ரோட்டோரமே மேயும், அங்க மெதுவா ஓட்டுங்க.