சூரியப் புயலின் தடம்: வியாழனா, சனியா?

வெளிக்கோள்களைச் சூரியப் புயல் என்ன பாடுபடுத்துகிறது என்று மாணவர்களிடம் பேச ஒரு கோளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வியாழனையும் சனியையும் வைத்துப் பார்த்து, சனியை எடுத்தேன்.

வியாழனின் பெருமை ஊரறிந்தது. கோள்களிலேயே வலுவான காந்தப்புலம், துருவங்களைச் சுற்றி வானில் மின்னும் அணையாத துருவ ஒளி. 2011 அக்டோபரில் சூரியன் வீசிய, மின்னூட்டத் துகள்களாலான பிளாஸ்மா மேகம் போய்ச் சேர்ந்தபோது, அங்கே எக்ஸ் கதிர்த் துருவ ஒளி 8 மடங்கு கூடியதை சந்திரா தொலைநோக்கி பதிவு செய்தது. ஆனால் துருவத்தைச் சுற்றி நிற்கும் அதன் பிரதான ஒளிவளையம் சூரியனை நம்பி இருப்பதல்ல. வியாழனின் அயோ நிலவின் எரிமலைகளால் நொடிக்குச் சுமார் 1 டன் பொருள் வெளியே வந்து சேர்கிறது. 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிக்கும் வியாழன் அதையும் சேர்த்து இழுத்துச் சுழற்றுகிறது. வளையத்துக்குத் தீனி பெரும்பாலும் இந்தச் சுழற்சிதான். ஒளி கூடினால் காரணம் சூரியனா, அயோவா என்று பிரிப்பது பெரும்பாடு.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: புயல் எப்போது வந்தது, எவ்வளவு பலத்தோடு வந்தது என்று கோளுக்கு வெளியே நின்று அளந்து சொல்ல ஒரு சாட்சி வேண்டும். கோளின் காந்தப்புலம் ஆளும் பகுதியான காந்தக் கோளத்துக்குள் நுழைந்துவிட்ட விண்கலத்துக்கு, வெளியே வீசும் சூரியக் காற்று (சூரியனிலிருந்து ஓயாமல் வரும் துகள் ஓட்டம்) தெரியாது. அப்புறம் பூமிக்கு அருகே எடுத்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட வேண்டியதுதான். சூரியன், பூமி, அந்தக் கோள் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் கணக்கு ஒரு நாளுக்கு மேலும் தவறலாம்.

2004 ஜனவரியில் சனிக்கு அந்தச் சாட்சி வாய்த்தது. காசினி விண்கலம் இன்னும் சனியை எட்டவில்லை. வழியிலேயே சூரியக் காற்றை அளந்துகொண்டிருந்தது. அதே நாட்களில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி சனியின் தென்துருவத்தைப் புற ஊதாவில் படமெடுத்தது. புயலின் அதிர்வலை காசினியைக் கடந்தது. சனியில் ஒளி பளிச்சென்று கூடியது, ரேடியோ அலைகளும் வலுத்தன. படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: விடியல் பக்கம் ஒளி நிரம்பி, துருவ ஒளிவளையம் துருவத்தை நோக்கிச் சுருங்குகிறது. பூமியில் புயலின்போது ஒளிவளையம் விரிந்து கீழே இறங்கும், இங்கே நேர்மாறு. காரணமும் விளைவும் இவ்வளவு பக்கத்தில் நிற்பது அபூர்வம்.

வியாழனுக்கும் இந்த வாய்ப்பு வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2016இல் ஜூனோ விண்கலம் நெருங்கியபோது ஹப்பிளும் கூடவே பார்த்தது. சூரியக் காற்றின் அழுத்தம் ஏறியபின் ஒளி கூடியது உண்மை. ஆனால் காற்று அமைதியாக இருந்த நாட்களிலும் ஒளிவளையம் நன்றாகவே எரிந்தது.

யுரேனஸும் நெப்டியூனும்? அங்கே அருகில் போனது வாயேஜர் 2 விண்கலம் மட்டுமே. 1986இல் அது யுரேனஸைக் கடந்தபோது, அதன் காந்தக் கோளம் சூரியக் காற்றால் வழக்கத்துக்கு மாறாக நசுங்கியிருந்தது என்று 2024இல் வெளியான மறு ஆய்வு காட்டியது. ஒரே சந்திப்பை வைத்து அதைச் சனியோடு நிறுத்திப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.