நுண்ணுயிர் மின்கலப் பயிற்சிப் பெட்டி: பள்ளிக்கு வாங்கலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ் வழியில் படிக்கும் மேல்நிலை மாணவர்களுக்காக எங்கள் ஆய்வகம் இணையவழியில் வரவழைத்த இந்தப் பெட்டியில், உயிருள்ள நுண்ணுயிர்களை மின்முனையில் நிலைநிறுத்தி மின்சாரம் பெறும் இரண்டு முறைகளுக்கான பொருள்கள் உள்ளன.

முதலாவது சேற்றுக் கலம். மின்சாரம் கடத்தும் கரிநார்த் துணியான கார்பன் ஃபெல்ட்டின் துண்டு ஒன்றைச் சேற்றின் அடியிலும் மற்றொன்றை மேலே காற்றுப்படும்படியும் வைத்தால், காற்றில்லாத அடிச்சேற்றில் வாழும் ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் கரிமப் பொருளைச் சிதைத்து, அதில் கிடைக்கும் எலக்ட்ரான்களை மின்முனையாகிய அடித்துண்டிடம் ஒப்படைக்கின்றன. அவை தாமாகவே அதன்மேல் உயிரிப்படலமாக, அதாவது ஒட்டி வளரும் மெல்லிய அடுக்காக, படிந்துகொள்வதால் பசை எதுவும் தேவையில்லை. சித்தூர்ப் புழையோரத்து வயற்சேறு இதற்கு அருமையாகப் பொருந்தியது. தொடக்கத்தில் மல்டிமீட்டர் அசையவில்லை என்றாலும், படலம் வளர்ந்த பின் மின்னழுத்தம் அரை வோல்ட்டை ஒட்டி நின்றது. பெட்டியின் அட்டையில் எரியும் சிவப்பு எல்.இ.டி. படம்தான் மிகை. அதற்கு ஏறத்தாழ 1.6 வோல்ட்டாவது வேண்டும். ஒரே கலத்தைக் கொண்டு எரியவிட மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று தேவை, அது பெட்டியில் இல்லை.

இரண்டாவது முறையில், ஈஸ்ட்டைக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் சோடியம் ஆல்ஜினேட்டின் கரைசலில் கலந்து ஃபெல்ட்டில் தடவிக் கால்சியம் குளோரைடில் முக்க வேண்டும். கால்சியம் அயனிகள் ஆல்ஜினேட் இழைகளைப் பிணைத்துக் களியாக இறுக்க, செல்கள் உள்ளே உயிருடன் சிக்கிக்கொள்கின்றன. ஈஸ்ட்டிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று ஆங்கிலேயத் தாவரவியலாளர் எம். சி. பாட்டர் 1911-லேயே காட்டிவிட்டார். ஆனால் ஜியோபாக்டரைப் போல ஈஸ்ட் எலக்ட்ரான்களை எளிதில் மின்முனைக்குக் கடத்தாது. அதனால் மெத்திலீன் நீலம் என்ற சாயம் எலக்ட்ரான்களைச் சுமந்து இடையில் தூது செல்கிறது. இவ்வளவும் சரிதான். ஆனால் கலத்தை நிரப்பக் கொடுத்திருப்பது, அமிலத்தன்மை அதிகம் மாறாமல் காக்கும் பாஸ்பேட் தாங்கல் கரைசல்! பாஸ்பேட் கால்சியத்தைப் பறித்துக்கொள்ளும் என்பதால், களி நெகிழ்ந்து ஈஸ்ட் கரைசலுக்குள் கலைந்துவிடுகிறது. நிலைநிறுத்துவதைக் கற்பிக்க வந்த பெட்டிக்கு இது அடிப்படையான குறை. பாஸ்பேட்டைத் தவிர்த்து, சிறிது கால்சியம் குளோரைடு சேர்த்த அசிட்டேட் தாங்கல் கரைசலைப் பயன்படுத்தியபோது களி உறுதியாக நின்றது. ஆயினும் ஆல்ஜினேட் மின்கடத்தி அல்ல என்பதால் தடிமனாகத் தடவினால் மின்னோட்டம் குன்றிவிடுகிறது. மெல்லிய பூச்சே போதும் என்பதையும் கையேடு சொல்லவில்லை.

கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால், செய்முறையைத் தமிழிலும் மலையாளத்திலும் நாங்களே எழுதி ஒட்டினோம். சேற்றுக் கலத்துக்குரிய பொருள்களை மட்டும் தனியாக விற்றால் தயங்காமல் வாங்கலாம். இப்போதைய விலைக்கு முழுப் பெட்டியைப் பரிந்துரைக்க மாட்டேன்.