கேபிள் இன்டர்நெட்டில் 100 எம்பிபிஎஸ்: ராத்திரி ஒன்பது மணிக்கும் வருமா?

வட சென்னையில் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் டிவி கேபிளிலேயே இன்டர்நெட் எடுத்தவர்களுக்கு இது பழகிப்போயிருக்கும்: காலையில் 90-க்கு மேல் காட்டும் லைன், ராத்திரி ஒன்பது மணிக்கு நொண்டும். நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிவது, பிளான் வேகம் ஆள் இல்லாத நேரத்து வேகம்.

கணக்கைப் பாருங்கள். டிவி கேபிளில் இன்டர்நெட் அனுப்பும் முறையான டாக்சிஸ் 3.0-வில் 8 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றில் சுமார் 50 எம்பிபிஎஸ் போகும். 8 சேனல் சேர்த்தால் 400. அதை ஒரு நோடில் (ஆபரேட்டரின் ஃபைபர் வந்து கேபிளாகப் பிரியும் பெட்டி) தொங்கும் எல்லா வீடும் பங்கு போடும். 200 வீடு ஒரே சமயத்தில் இழுத்தால் தலைக்கு 2. எல்லாரும் சேர்ந்து இழுக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் 100 எம்பிபிஎஸ் என்று விற்கிறார்கள். ஐபிஎல் ராத்திரியில் அந்தத் தைரியம் ஆட்டம் காணும்.

அப்லோடு இன்னும் பாவம். அது போவது 65 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே. எந்த வீட்டு லூஸ் கனெக்டரில் இரைச்சல் புகுந்தாலும் மொத்த நோடுக்கும் அடி. காசிமேடு, திருவொற்றியூர் உப்புக்காற்றில் வெளியே தொங்கும் கனெக்டர் சீக்கிரம் போய்விடும். வீட்டுக்கு வரும் ஆர்ஜி6 என்ற கேபிள் வயரின் நடுக்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய இரும்பு. பூச்சு போனால் துருதான். இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீண் வேலை. நுனியை வெட்டிவிட்டு, கம்ப்ரஷன் கனெக்டர் போட்டு, ரப்பர் மூடி மாட்டச் சொல்லுங்கள்.

குறை லைனிலா, நெரிசலிலா? பெரும்பாலான கேபிள் மோடம்களில் பிரவுசரில் 192.168.100.1 அடித்தால் தெரியும். டவுன்ஸ்ட்ரீம் பவர் (வீட்டுக்கு வரும் சிக்னலின் பலம்) -7 முதல் +7 டிபிஎம்வி, எஸ்என்ஆர் (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்ற அளவு) 33 டிபிக்கு மேல் இருந்தால் நல்லது. மோடம் அனுப்பும் அப்ஸ்ட்ரீம் பவர் 50 டிபிஎம்வியைத் தாண்டினால் மோடம் கத்திக் கத்திப் பேசுகிறது என்று அர்த்தம்; வழியில் கேபிளைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இருக்கிறதா பாருங்கள். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் 3.5 டிபி, நான்கு வழி 7 டிபி தின்னும். எண்கள் எல்லாம் சரி, ராத்திரியில் மட்டும் மந்தம் என்றால் நெரிசல்தான். புது மோடம் வாங்கிப் பயனில்லை, ஆபரேட்டர் நோடைப் பிரித்து வீடுகளைக் குறைத்தால்தான் தீரும்.

வைஃபையில் சோதித்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். லேப்டாப்பில் லேன் வயர் மாட்டி, ஆபரேட்டரின் சொந்த சர்வரை விட்டு வேறு சர்வரில் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள மோடமில் 95-ஐத் தாண்டாது. அதற்கு 200 பிளான் போடுவது காசுக்குக் கேடு.

ஃபைபரும் பங்குதான். ஆனால் ஜிபான் என்ற ஃபைபர் முறையில் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடு பிரிப்பதால் மூச்சு முட்டாது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: "அண்ணா, ஃபைபர் வீட்டுக்குள்ள வருதா, மொட்டை மாடிப் பெட்டியோட நின்னுடுதா?" மாடியில் 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் வைத்து அங்கிருந்து லேன் வயர் இழுத்தால், அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 100. ஆறு மாதப் பணத்தை முன்கூட்டிக் கட்டுவது அதற்கான பதில் கிடைத்த பிறகு.