ஸ்டாண்டா, மானிட்டரா? சின்ன மேசையில் லேப்டாப் வேலை

நாள் முழுக்க லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களுக்குக் கழுத்து வலி வருவதில் பெரிய மர்மம் ஏதும் இல்லை. திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கீபோர்டு முழங்கை உயரத்தில் இருந்தால் திரை ரொம்பக் கீழே போய்விடுகிறது, குனிந்தே பார்க்க வேண்டும். திரையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினால் கீபோர்டு நெஞ்சு வரைக்கும் ஏறிவிடுகிறது, தோளைத் தூக்கிக்கொண்டே தட்ட வேண்டும். மூடித் திறக்கிற இந்த வடிவம் 1982இல் கிரிட் காம்பஸ் என்ற கணினியோடு வந்தது, எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போவதற்காக. ஒரே நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காருவதை வைத்து யாரும் அதை வரையவில்லை. தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ, அதை முன்னால் தொங்கப்போட்டபடி இருந்தால் விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது பின்கழுத்துத் தசைதான்.

ஆக, எப்படியாவது திரையையும் கீபோர்டையும் பிரிக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. லேப்டாப்பை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுத் தனியாகக் கீபோர்டும் மவுஸும் வைத்துக்கொள்வது ஒன்று. தனி மானிட்டர் வாங்கி, லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்துவிடுவது இன்னொன்று. (மடியில் வைக்கிற மெத்தைப் பலகை, கட்டிலில் வைக்கிற குட்டி மேசை இவையெல்லாம் பிரிக்காமலே சமாளிக்கிற வழிகள், அரை மணி நேர மெயிலுக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம். அதுவும் மெத்தை மேல் நேரடியாக வைத்தால் அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டு லேப்டாப் சூடாகிவிடும்.)

நான் எடுத்த எடுப்பில் மானிட்டர்தான் வாங்கினேன், 27 இஞ்ச். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று ஒரு நினைப்பு. என் மேசை 80 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம். 27 இஞ்ச் திரையின் அகலமே 60 செ.மீ. வரும், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் கால் மேசையில் முன்னும் பின்னுமாக 20 செ.மீ. இடத்தைப் பிடித்துக்கொண்டது. மிச்ச இடத்தில் கீபோர்டை வைத்து உட்கார்ந்தால் திரை என் கண்ணிலிருந்து 40 செ.மீ.தான். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடுகிற தூரம், அதாவது 50 முதல் 70 செ.மீ., இருந்தால்தான் கண்ணுக்குச் சௌகரியம். எனக்கோ சினிமா தியேட்டரில் முதல் வரிசையில் உட்கார்ந்த மாதிரி, இடது மூலையைப் படிக்க ஒரு பக்கம், வலது மூலையைப் படிக்க இன்னொரு பக்கம் என்று தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். குனிகிற வலி போய்த் திரும்புகிற வலி வந்தது.

சரி, மானிட்டரின் காலைக் கழற்றிவிட்டு மேசை விளிம்பில் கவ்விப் பிடிக்கிற கை (மானிட்டர் ஆர்ம்) ஒன்றை மாட்டலாம் என்று பார்த்தேன். மானிட்டரின் முதுகில் 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால் பெரும்பாலான கைகள் பொருந்தும், அதில் பிரச்சினை இல்லை. யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம் வேறு ஒன்று: திரையைப் பின்னால் தள்ளும்போது அந்தக் கையின் மூட்டு மடங்கி மேசைக்குப் பின்பக்கம் நீட்டிக்கொள்ளும். மேசை சுவரை ஒட்டி இருந்தால் அது சுவரில் இடிக்கும், திரை பின்னால் போகவே போகாது. மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால்தான் வழி உண்டு. சின்ன அறையில் அந்த ஒரு சாணுக்கு எங்கே போவது?

ஸ்டாண்ட் பக்கம் வருவோம். 14 இஞ்ச் லேப்டாப்பின் அகலம் 32 செ.மீ. சுமார், ஸ்டாண்டும் கிட்டத்தட்ட அவ்வளவுக்குள் அடங்கிவிடும். வேலை முடிந்ததும் மடித்து டிராயரில் போட்டுவிட்டால் மேசை மறுபடி வெறும் மேசைதான், இது சின்ன வீட்டில் லேசான விஷயமே இல்லை. அடிப்பக்கம் திறந்திருப்பதால் காற்றும் போகும். வீடியோ அழைப்பு நிறைய இருப்பவர்களுக்கு இன்னொரு லாபம், கேமரா கண் மட்டத்துக்கு வந்துவிடுகிறது, எதிரில் இருப்பவர் உங்கள் மூக்குத் துவாரத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. மானிட்டர் வைத்து லேப்டாப்பை மூடிவிட்டால் கேமரா, கைரேகை பட்டன் எல்லாம் உள்ளே போய்விடுகின்றன, சில லேப்டாப்பில் ஆன் செய்கிற பட்டனும். அப்புறம் தனிக் கேமரா ஒன்று வாங்க வேண்டிவரும்.

ஸ்டாண்டின் குறை திரையின் அளவுதான். 14 இஞ்சை 60 செ.மீ. தள்ளி வைத்துப் பார்த்தால் எழுத்து சின்னதாகத் தெரியும், உடனே கழுத்து தன்னை அறியாமல் முன்னால் போகும், ஸ்டாண்ட் வாங்கியதே வீண். எழுத்தின் அளவை 125 அல்லது 150 சதவீதம் ஆக்கிக்கொள்ள வேண்டும், ஆக்கினால் திரையில் அடங்குகிற விஷயம் குறையும். கட்டுரை எழுதுவது, மெயில், அழைப்புகள் என்றால் இது உறுத்தாது. ஒரு பக்கம் கணக்குத் தாள், இன்னொரு பக்கம் பில் என்று இரண்டு ஜன்னலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை பார்ப்பவர், புரோகிராம் எழுதுபவர், வீடியோ எடிட் செய்பவர் மட்டும் மானிட்டர் பக்கம் போகலாம். அப்போதும் மேசை ஆழம் 60 செ.மீ.யாவது இருக்க வேண்டும், 24 இஞ்சே போதும், அதன் அகலம் 53 செ.மீ. மேசை ஆழம் அதற்குக் குறைவு என்றால் நான் ஸ்டாண்டைத்தான் சொல்வேன், யோசிக்கவே மாட்டேன்.

இரண்டையும் சேர்த்து, மானிட்டர் நடுவில், திறந்த லேப்டாப் பக்கத்தில் என்று வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால் எதை அதிகம் பார்க்கிறீர்களோ அது நேர் எதிரே இருக்கட்டும். நான் கொஞ்ச நாள் மானிட்டருக்குப் பாட்டு, லேப்டாப்புக்கு வேலை என்று வைத்திருந்தேன், ஏன் என்று இப்போது எனக்கே புரியவில்லை.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே, இதுதான் பொதுவான கணக்கு. கிட்டத்தில் பார்ப்பதற்கும் தூரத்தில் பார்ப்பதற்கும் ஒரே கண்ணாடி போடுகிறவர்களுக்கு மட்டும் இது ஒத்து வராது. அவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் படிப்பதால், திரை உயரமாக இருந்தால் தாடையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். இன்னும் கொஞ்சம் இறக்கி, மேல்பக்கத்தைப் பின்னால் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். அந்த வகையில் உயரம் மாற்ற முடிகிற ஸ்டாண்ட், ஒரே உயரத்தில் நிற்கிற ஸ்டாண்டை விட நல்லது. ஆனால் கத்தரிக்கோல் மாதிரி மடங்குகிற மெல்லிசு ரகம் ஆடும், தொடுதிரையைத் தொடுபவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

வயர் விஷயத்தில் மானிட்டருக்கு ஒரு பெருமை உண்டு. யுஎஸ்பி-சி மானிட்டர் என்றால் ஒரே கேபிளில் படமும் போகும், லேப்டாப்புக்குச் சார்ஜும் ஏறும். எல்லா யுஎஸ்பி-சி துளையும் படத்தை அனுப்பாது என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், கேபிளும் அப்படித்தான். நான் போன் சார்ஜரோடு வந்த கேபிளைச் சொருகிவிட்டு, சார்ஜ் ஏறுகிறதே, படம் மட்டும் ஏன் வரவில்லை என்று அரை நாள் செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் மானிட்டர் பெட்டியின் அடியில் பாலித்தீன் உறைக்குள் சரியான கேபிள் பிரிக்காமல் கிடந்தது. மானிட்டர் தருகிற வாட் எவ்வளவு என்பதையும் பாருங்கள், லேப்டாப்பின் சார்ஜர் 65 வாட் என்றால் மானிட்டரும் அதற்குக் குறையாமல் தர வேண்டும். ஸ்டாண்டுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை, சார்ஜர் வயர் ஒன்றுதான்.

கீபோர்டு, மவுஸ் இரண்டு வழியிலுமே வேண்டும். வலது பக்கம் எண்கள் உள்ள முழு கீபோர்டு 44 செ.மீ. நீளம் வரும், அதற்கு அப்பால்தான் மவுஸ், அதை எட்டிப் பிடிக்கக் கை நாள் முழுக்க வெளிப்பக்கம் நீண்டபடி இருக்கும். வலது தோளில் மட்டும் வலி என்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். எண் பகுதி இல்லாத கீபோர்டு 36 செ.மீ.யில் முடிந்துவிடும். தினமும் எண்களாகவே தட்டுகிற வேலை என்றால் எண்ணுக்கு மட்டும் தனிக் குட்டிப் பலகை ஒன்றை இடது பக்கம் வைத்துக்கொள்ளலாம். வயர் இல்லாத மவுஸ் விட்டு விட்டு நகர்ந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுவதற்கு முன், லேப்டாப்பில் சொருகுகிற அதன் குட்டி ரிசீவருக்கு, அதாவது டாங்கிளுக்கு, பக்கத்துத் துளையில் ஹார்ட் டிஸ்க் எதையாவது மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். யுஎஸ்பி 3 கருவிகள் எழுப்புகிற இரைச்சல் இந்த மவுஸ்கள் பயன்படுத்துகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும், டாங்கிளை மறுபக்கத் துளைக்கு மாற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மேசையைப் பொறுத்தவரை சுவரில் மடங்குகிற பலகை இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அதை எந்த உயரத்தில் அடிக்கிறீர்களோ அந்த உயரம்தான், பிறகு மாற்ற முடியாது. அடிப்பதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்து, மேல்கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கி, அதன் அடியிலிருந்து தரை வரைக்கும் யாரையாவது டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 66 செ.மீ. வந்தது. கடையில் வருகிற மேசைகள் பெரும்பாலும் 72 முதல் 75 செ.மீ., என் மேசையும் 74. அந்த 8 செ.மீ. வித்தியாசத்தை ஸ்டாண்டும் சரி செய்யாது, மானிட்டரும் சரி செய்யாது. நாற்காலியை ஏற்றினேன், பாதம் அந்தரத்தில் தொங்கியது. மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியை நாலாக மடித்து, நாடா வைத்து இறுக்கிக் காலடியில் போட்டிருக்கிறேன். மானிட்டரை விற்றாகிவிட்டது, பெட்டி மட்டும் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.