ஓசேரின் கோபுர வரிசை: காலையில் எடுப்பதா, மாலையிலா?

பாரிஸுக்குத் தென்கிழக்கே, பர்கண்டியில், யோன் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர் ஓசேர். படமெடுக்க எங்கே நிற்பது என்பதில் பெரிய குழப்பம் கிடையாது. போல் பேர் பாலத்தின் மேல் நின்றால் இடது பக்கம் சேன் பியேர் தேவாலயம், நடுவில் சேன் எத்தியேன் கதீட்ரல், வலது பக்கம் சேன் ஜெர்மேன் மடம் மூன்றும் ஒரே ஃபிரேமுக்குள் வந்துவிடும். கீழே ஆறு, கரையோரம் படகுகள். லென்ஸும் பிரச்சினையில்லை, 35 முதல் 70 மி.மீ. போதும். கேமராவை அண்ணாந்து பிடிக்காதீர்கள், கோபுரங்கள் பின்னால் சாயும்.

எந்த நேரத்தில் நிற்பது என்பதுதான் கேள்வி. இரண்டு நேரமும் எடுத்துப் பார்த்தபின் நான் காலைப் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

காரணம் வெயிலின் திசை. பழைய ஊர் ஆற்றின் மேற்குக் கரையில், மேட்டில் இருக்கிறது. பழைய தேவாலயங்களில் பீடம் கிழக்கு முனையில் இருப்பது வழக்கம். அதனால் ஆற்றுப் பக்கமிருந்து தெரிவது வாசல் அல்ல, முதுகுப்புறம். 1215இல் கட்டத் தொடங்கிய இந்தக் கதீட்ரலின் வளைந்த பின்சுவரும், அதை வெளியிலிருந்து தாங்கும் கல் முட்டுகளும்தான் படத்தின் நடுநாயகம். கோடைக் காலையில் வெயில் வடகிழக்கிலிருந்து சாய்வாக வரும். ஒவ்வொரு முட்டும் பக்கத்துச் சுவரில் தன் நிழலைப் போடும். கல்லுக்கு ஆழம் கிடைப்பது அங்கேதான்.

மாலையில் இதே வெயில் எதிரியாகிவிடுகிறது. கோடையில் சூரியன் வடமேற்கில், பாலத்திலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட கதீட்ரலுக்குப் பின்னாலேயே இறங்குகிறது. வானத்துக்கு எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு, வைத்தால் ஊர் கரி. ஊருக்கு வைத்தால் வானம் வெளுத்துப்போகும். பாதி கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டர் போடலாமே என்பார்கள். அது நேரான அடிவானத்துக்குச் சரி. இங்கே கோபுரங்கள் அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கின்றன, அவற்றின் மேல்பாதியும் சேர்ந்து இருண்டுவிடும். வெவ்வேறு எக்ஸ்போஷரில் பல படங்கள் எடுத்து ஒட்டினால், ஆடும் படகுகளும் நீரலைகளும் பொருந்தாமல் போகின்றன. வெறும் நிழலுருவமாக எடுப்பதும் அழகுதான். இரண்டாவது கோபுரம் கட்டப்படாத இந்தக் கதீட்ரலை அந்த ஒற்றைக் கோபுரத்தை வைத்தே அடையாளம் தெரியும். ஆனால் அதற்கு ஒரு படம் போதும், அப்புறம் எடுக்க ஒன்றுமில்லை.

மாலையின் உண்மையான பலம் சூரியன் மறைந்த பிறகுதான். விளக்கு போட்ட கல், நீல வானம், ஆற்றில் இரண்டின் பிரதிபலிப்பு. ஆனால் ஜூனில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை தாண்டும். டிரைபாட் வேண்டும், சில விநாடி ஷட்டரில் படகுகள் மங்கலாகும். படத்தில் தண்ணீர் வழவழவென்று தெரிவதை விரும்புபவர்களுக்கு அதுவே லாபம்.

குளிர்காலத்தில் நான் அங்கே எடுத்ததில்லை. அப்போது சூரியன் தென்மேற்கில் மறைவதால், கதீட்ரலின் தெற்குச் சுவருக்குப் பிற்பகலில் நல்ல வெயில் கிடைக்க வேண்டும். அந்தப் பருவத்துக்கு என் கணக்கு மாறக்கூடும்.

பாரிஸிலிருந்து காலையில் ரயிலேறி வருபவர்கள் விடியலைத் தவறவிட்டோமே என்று மாலைவரை காத்திருக்க வேண்டாம். கோடையில் பத்து மணிக்குக்கூட சூரியன் கிழக்கில்தான் இருக்கும். சுவரில் நிழல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.